ஊர் பஸ்ஸில் தலை எண்ணிய மூன்று நாள்

எங்கள் ஊருக்குள் பஸ் வந்ததும் நான் கல்லூரியில் சேர்ந்ததும் ஒரே வருடம். பஸ் வந்ததால்தான் சேர்ந்தேன் என்று சொல்வது இன்னும் சரி. தொண்ணூறுகள் முடிகிற நேரம் அது.

பொட்டிப்புரத்தைத் தாண்டி, மலையடிவாரத்தை ஒட்டிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. திராட்சைப் பந்தல், கொஞ்சம் வாழை, மழையை நம்பி நிலக்கடலை. தேனியிலிருந்து வரும் டவுன் பஸ், மெயின் ரோட்டில் எங்கள் ஊர்ப் பாதை பிரிகிற இடம் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும். அந்த இடத்தை விலக்கு என்போம். விலக்கிலிருந்து ஊர் வரை நடை. ஆண்களுக்குச் சைக்கிள் இருந்தது. பெண்களுக்குக் கால் இருந்தது, அதுவும் வெளிச்சம் இருக்கிற வரை, துணைக்கு யாராவது இருந்தால்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். அப்பா படிக்க வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. படி என்றும் சொல்லமாட்டார். கேட்ட கேள்விக்கு ஒரு நிபந்தனையைப் பதிலாகக் கொடுப்பது அவர் வழக்கம்.

"பஸ்ஸு ஊருக்குள்ள வந்து ஏத்திக்கிட்டுப் போயி, ஊருக்குள்ளயே கொண்டாந்து எறக்கி விட்டாப் போ. விலக்குல போயி நின்னுக்கிட்டு, இருட்டுக்குள்ள நடந்து வந்துக்கிட்டு, அதெல்லாம் சரிப்படாது" என்றார்.

பஸ் எங்கே வரப்போகிறது என்கிற தைரியத்தில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை, அதில் இன்னும் கோபம் வந்தது.

ஆனால் பஸ் வந்துவிட்டது. ஊராட்சித் தலைவர் வருடக்கணக்காக அலைந்து கொடுத்த மனுக்களில் ஏதோ ஒன்று யாரோ ஒருவரின் மேசையில் மேலாக வந்திருக்க வேண்டும். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, விலக்கிலிருந்து ஊருக்குள் நீட்டித்தார்கள். மூன்று மாதத்துக்குச் சோதனை ஓட்டம், ஆள் ஏறினால் தொடரும், ஏறாவிட்டால் பழையபடி விலக்கோடு சரி. அப்பா சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. தேனியில் பெண்கள் கல்லூரியில் கணிதத்தில் சேர்த்துவிட்டார்.

அந்த பஸ்ஸில் ஏறாத ஆள் உண்டா? வாழையிலைக் கட்டு ஏறும், பால்கேன் ஏறும், ஆட்டுக்குட்டிக்கு மட்டும் டிக்கெட் உண்டா இல்லையா என்று தினம் ஒரு வழக்கு நடக்கும். ஆடிக் காற்று சன்னல் வழியாகப் புழுதியை அள்ளிக் கொட்டும். எண்ணெய் தேய்த்துச் சீவிய தலையோடு ஏறுகிற நான், தேனியில் பேயாட்டம் இறங்குவேன். அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. சன்னலோரம் இடம் கிடைத்த நாளில் கல்லூரி இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றும்.

மூன்றாவது மாதம் டிப்போவிலிருந்து தலைவர் வீட்டுக்குப் போன் வந்தது. அடுத்த நாளிலிருந்து மூன்று நாள், காலை வண்டியில் ஓர் அதிகாரி வருவார் என்று சொல்லியிருக்கிறார்கள். எதற்கு என்று தலைவர் கேட்கவில்லை. வருகிற அதிகாரியைப் பார்த்து எதற்கு என்று கேட்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. பாதையைக் கூட்டி, இடம் ஒதுக்கிக் கொடுத்து, கையில் ஏதாவது திணித்து, மனம் குளிர அனுப்பிவைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த முறை.

அன்று சாயங்காலம் கோயில் மைக்கில் தலைவர் குரல் வந்தது.

"நாளைக்குக் காலை வண்டியில அதிகாரி ஒருத்தரு வாராக. படியில யாரும் தொங்கக் கூடாது. இலைக்கட்டு, பால்கேனு, ஆடு, கோழி எதையும் ஏத்தக் கூடாது. அவக நல்லா காலை நீட்டி உக்காந்து போகணும். மூணு நா நாம விலக்குக்கு நடந்து போனாக் கொறஞ்சு போயிற மாட்டோம்."

ஊரே சரி என்றது. எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. ஊரே சேர்ந்து நடக்கிறதால் அப்பாவும் என்னை நடக்க விட்டார்.

மறுநாள் காலை பால்கேனும் இலைக்கட்டும் நாங்களுமாக விலக்கை நோக்கி ஊர்வலம் போனோம். எதிரே பஸ் வந்தபோது ஓரமாக ஒதுங்கி நின்று கும்பிட்டோம். முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் குழப்பத்தோடு பதிலுக்குக் கும்பிட்டார். ஊருக்குள் போய், ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் திரும்பி, பஸ் விலக்குக்கு வந்து நின்றது. உள்ளே அவர் ஒருவர்தான். கழுத்தில் செவ்வந்தி மாலை, காலடியில் ஒரு பை பன்னீர்த் திராட்சை, ஒரு கையில் இளநீர், இன்னொரு கையில் அட்டையில் செருகிய தாள். நாங்கள் திமுதிமுவென்று ஏறினோம்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கல்லாம் எந்த ஊருய்யா?"

"இந்த ஊருதான் சார்" என்றார் பால்காரர், பெருமையாக.

"ஊருல இருந்து நடந்தா வாறீக?"

"ஆமா சார்."

"அம்புட்டுத் தூரமா?"

பால்காரர் மரியாதை தெரிந்த மனிதர். விருந்தாளி மனம் சங்கடப்பட விடுவாரா? "அதெல்லாம் ஒரு செரமமும் இல்ல சார். காலாற நடந்தா ஒடம்புக்கு நல்லது" என்றார்.

அதிகாரி தாளில் எழுதிக்கொண்டே கண்டக்டர் பக்கம் திரும்பினார். "அப்ப விலக்கு வரைக்கும் வண்டி போதும்ங்கிறேன். ஊருக்குள்ள ஒரு ஆளும் ஏறல. ஏறுறவகளும் நடந்து வரச் செரமம் இல்லங்கிறாக. டீசலுக்குப் பிடிச்ச கேடுதான்."

அப்போதுதான் புரிந்தது. அவர் எங்களைத்தான் எண்ண வந்திருக்கிறார். ஊருக்குள் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்க்க வந்தவருக்கு, நாங்கள் பார்த்துப் பார்த்து ஒரு காலி பஸ்ஸைப் பரிசாகக் கொடுத்திருக்கிறோம்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், நாங்க உங்களுக்காகத்தான் நடந்தோம்" என்றேன்.

"எனக்காகவா? நான் நடக்கச் சொல்லலையேம்மா."

"நீங்க நல்லா உக்காந்து வரணும்னு மைக்குல சொன்னாக சார். தினமும் வண்டி நெறஞ்சுதான் வரும். வேணும்னா கண்டக்டரக் கேளுங்க."

கண்டக்டர் தலையாட்டினார். அதிகாரி மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இருக்கும்மா. ஆனா கண்ணால பாத்தத்தான் நான் எழுத முடியும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பழனிசெட்டிபட்டிக்காரர், வேலையில் இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி என்று பிறகு கண்டக்டர் சொன்னார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன்.

அன்று வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று தெரியாது. பஸ் நின்றால் என் படிப்பு நின்றது. அதில் இரண்டு பேச்சே கிடையாது. கம்பத்துப் பக்கமிருந்து ஒரு வரன் வேறு வந்து, படிக்கிறா என்ற ஒரே காரணத்தால் வாசலோடு நின்றிருந்தது. அந்தக் காரணமும் போனால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சாயங்காலம் நேராகத் தலைவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தில் அப்பாவும் நின்றார். அவருக்கு இது சந்தோஷமா வருத்தமா என்று அவர் முகத்தையே பார்த்தேன். அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாது, அம்மாவே பல வருடமாக முயன்று கைவிட்டது.

மறுபடி மைக். "நாளைக்கு வீட்டுக்கு ஒரு ஆளு கண்டிப்பா வண்டியில ஏறணும். ஏறாத வீட்டை அப்பறம் பேசிக்கிருவோம்."

எதைச் செய்தாலும் எங்கள் ஊர் அளவாகச் செய்யாது. இரண்டாம் நாள் காலை பஸ்ஸுக்குள் மூச்சுவிட இடமில்லை. எங்கள் வீட்டுக்கு ஓர் ஆள் என்றால் நானே போதும், ஆனால் தலைவர் கெடுபிடி அப்படி. அப்பாவுக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கிற நாள். "நீயும் போயி விலக்குல எறங்கி நடந்து வந்துரு" என்று அம்மாவை அனுப்பிவிட்டார். அம்மா கல்யாணம் ஆகி வந்த பிறகு தனியாக எங்கும் போனதில்லை. கல்யாணத்துக்கும் எழவுக்கும் அப்பாவின் பின்னால் போய் வருவாள், அவ்வளவுதான்.

அதிகாரி மடியில் யார் வீட்டுக் குழந்தையோ உட்கார்ந்திருந்தது. அவரால் தாளையே பிரிக்க முடியவில்லை. நேற்றுக் காலி, இன்றைக்குத் திருவிழா. அவர் என்ன விவரம் தெரியாதவரா? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து, ஒவ்வொருவரையும் எங்கே போகிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்.

"இந்தா, விலக்குக்கு" என்றார் ஒருவர்.

"விலக்குல என்ன வேலை?"

"திரும்பி வர்ற வேலைதான் சார்."

அவர் பெருமூச்சு விட்டு அடுத்த சீட்டுக்கு வந்தார். அங்கே அம்மாவும் நானும். "நீங்க எங்கம்மா?"

அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். அவளும் விலக்கு என்று சொன்னால் கதை முடிந்தது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணாஸ்பத்திரிக்கு" என்றாள் அம்மா.

"தேனிக்கா?"

"ஆமாங்கய்யா. கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது."

அவர் எழுதிக்கொண்டார். அது உண்மைதான். இரண்டு வருடமாக அம்மா அரிசியில் கல்லை விரலால் தடவித்தான் எடுத்தாள். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், அறுப்பு முடியட்டும், கவாத்து முடியட்டும் என்பாள். திராட்சைத் தோட்டத்தில் ஒன்று முடிந்தால் இன்னொன்று தொடங்குவதைத் தவிர வேறு என்ன நடக்கும்.

விலக்கு வந்ததும் முக்கால்வாசி பஸ் இறங்கி ஊரைப் பார்த்து நடந்தது. அதிகாரி சன்னல் வழியாக அந்தக் கூட்டத்தைப் பார்த்து, "நேத்து நடந்து வந்து ஏறுனாக. இன்னைக்கு ஏறி வந்து நடந்து போறாக. நான் எதைய்யா எழுதுறது?" என்று கண்டக்டரைக் கேட்டார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பதில் சொல்வதிலிருந்து தப்பித்தார்.

நான் அம்மாவை இடித்தேன். "எறங்கும்மா."

அம்மா அசையவில்லை. "எழுதிட்டாருல்ல."

"அதுக்கு?"

"இப்ப எறங்கிப் போனா அது பொய்யால்ல போயிரும். ஒரு மனுசரு கவர்மெண்டுத் தாள்ல எழுதியிருக்காரு."

"அப்பா தேடுவாரும்மா."

"தேடட்டும்" என்றாள். இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. கண்டக்டரிடம் தேனிக்கு ஒன்று என்று அவளே கேட்டு டிக்கெட் வாங்கினாள்.

அன்று கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு அவளைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டி, கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு சில்லு போட்டதும் அம்மா தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னத்தா, கை இம்புட்டுக் காச்சுக் கெடக்கு" என்றாள். நான் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. கண்ணாடி ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். அதை வாங்க அவள் தனியாகவே போனாள், என்னைத் துணைக்குக் கூப்பிடவில்லை.

சாயங்கால பஸ் ஊருக்குள் வந்தபோது அப்பா மந்தையில் நின்றுகொண்டிருந்தார். மருந்து தெளித்த சட்டையைக்கூட மாற்றவில்லை. இன்றைக்கு ஒரு பூகம்பம்தான் என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்து இறங்கினேன்.

"விலக்குக்குப் போனவ எங்கன போன?"

"தேனிக்குப் போயி கண்ணப் பாத்துட்டு வாரேன்" என்றாள் அம்மா, கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்த மாதிரி.

"என்ன சொன்னாக?"

"கண்ணாடி போடணுமாம்."

"போட்டுக்க" என்றார் அப்பா. அவ்வளவுதான். இதைப் பேசப் பயந்துகொண்டா இரண்டு வருடம் அரிசியைத் தடவினாள் என்று எனக்கு ஒரு பக்கம் ஆத்திரமாகவும் இன்னொரு பக்கம் அப்பாடா என்றும் இருந்தது.

மூன்றாம் நாள் மைக் வாய் திறக்கவில்லை. தலைவருக்கு வெட்கம், ஊருக்குக் கால்வலி. வழக்கமாகப் போகிறவர்கள் மட்டும் வழக்கம்போல் ஏறினோம்.

"இன்னைக்கு என்னய்யா ஏற்பாடு?" என்றார் அதிகாரி.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் கண்டக்டர்.

அவருக்கு அதை நம்புவதா என்று தெரியவில்லை. பிறகு, எங்கே போகிறீர்கள் என்ற கேள்வியை விட்டுவிட்டு வேறு ஒன்று கேட்டார். "இந்த வண்டி இல்லாட்டி இன்னைக்கு என்ன செய்வீக?"

பால்காரர் சைக்கிளில் போவேன் என்றார். இலைக்கட்டுக்காரரும் அதேதான். காலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போகிறவர், "என்ன செய்யிறது, வீட்டுல கெடப்பேன்" என்றார். காலனியிலிருந்து மில் வேலைக்குப் போகிற அக்கா, "களையெடுக்கப் போவேன் சார், களை இருந்தா" என்றாள்.

என்னைக் கேட்டார். "வீட்டுல இருப்பேன் சார்" என்றேன்.

"படிப்பு?"

"இருக்காது."

அவர் என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வண்டியில இருக்கிறவகளத்தான் எண்ணிட்டு வரச் சொன்னாக. வண்டி இல்லாட்டி வீட்டோட கெடக்கிறவகள எண்ணச் சொல்லல." அப்புறம் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். தேனி வருகிற வரைக்கும் எழுதினார். இறங்கும்போது, "எழுதிப் பாக்குறேன்மா. கேப்பாகளான்னு தெரியல" என்றார். திராட்சை நன்றாக இருந்ததாகத் தலைவரிடம் சொல்லச் சொன்னார்.

இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன். வகுப்பில் வந்தவர்களை எண்ணி முடித்ததும், வராதவள் எந்த வழியாக வர வேண்டியவள் என்று கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதக் கெடு முடிந்தது. கடைசி நாள் வரைக்கும் எந்தத் தகவலும் வரவில்லை. எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று கண்டக்டர் கையை விரித்தார். முதல் தேதி காலையில் எல்லாரும் மந்தையில் நின்றோம். அம்மாவும் வந்து நின்றாள், புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. ரோடு வளைகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வருகிற நேரம் தாண்டியது. பால்காரர் இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். மில் அக்கா வீட்டுக்குத் திரும்பினாள். கால்கட்டுக்காரர் உட்கார்ந்த கல்லிலிருந்து எழுந்து, யாரையும் பார்க்காமல் போனார்.

நான் மட்டும் நின்றேன். வீட்டுக்குத் திரும்பி நடந்தால் அது திரும்பி நடந்ததாகிவிடும் என்று பயமாக இருந்தது. கம்பத்து வரனின் முகம்கூட எனக்குத் தெரியாது, ஆனால் அது எங்கள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிப்பது தெரிந்தது.

அப்பா தோட்டத்துப் பக்கமிருந்து வந்தார். நேராக என்னிடம் வந்து, தோளில் கிடந்த பையை வாங்கினார். வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன். அவர் விலக்குப் பக்கம் நடந்தார்.

"எங்கனப்பா?"

"விலக்குக்கு. அங்கன வண்டி வருமில்ல."

பின்னால் ஓடினேன். "நாளைக்கு?"

"நாளைக்கும் வாரேன்."

"சாயங்காலம் வர்றப்ப இருட்டிருமேப்பா."

"நான் அங்கன வந்து நிக்கிறேன்."

"தோட்ட வேலை?"

"அது கெடக்கு" என்றார். திரும்பிப் பார்க்காமல், என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தபடியே சொன்னார். நிபந்தனை ஒன்றும் போடவில்லை.

பாதி வழியில் ஹாரன் சத்தம் கேட்டது. திருப்பத்தில் பஸ் வந்தது. எங்களைப் பார்த்ததும் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "வழியில டயரு பஞ்சராப் போச்சு. ஏறுங்க, ஊருக்குள்ள போயிட்டுத் திரும்புவோம்" என்றார்.

"நாளைக்கு வருமா?" என்றார் அப்பா, ஏறாமலே.

"இனிமே தினமும் வரும் பெரியவரே. நேத்துத்தான் உத்தரவாச்சு" என்றார் கண்டக்டர்.

அப்பா ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். ஊருக்கு ஒன்று, தேனிக்கு ஒன்று என்று டிக்கெட் கேட்டார். நான் சன்னல் பக்கம் திரும்பி அழுதேன். மந்தையில் இறங்கின அப்பாவிடம், பஸ் வந்த சந்தோஷத்தில் பிள்ளை அழுகுது என்று கண்டக்டர் சொன்னார். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். பஸ் வராமல் போயிருந்தாலும் நான் போயிருப்பேன் என்று தெரிந்துகொண்டதற்குத்தான் அழுதேன்.